படம் மறந்தாலும் பாட்டு மறக்காதது ஏன்? திரையிசை பற்றி வேலூர்ப் பக்கம் கேட்கும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கத்துத் திருவிழா மேடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். கச்சேரி இல்லாத நாட்களில், குறும்படம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பின்னணி இசை போட்டுக் கொடுப்பதும் உண்டு. சினிமாவுக்கு இசை எதற்கு, அது மனதில் நிற்பது எப்படி என்று இரண்டு இடத்திலும் கேள்வி வந்துகொண்டே இருக்கும். அடிக்கடி வருபவற்றை எடுத்துக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கதை நன்றாக இருந்தால் போதாதா? இசை மனதில் நின்றே ஆக வேண்டுமா?

கதை நன்றாக இருந்தால் பார்க்கும் இரண்டரை மணி நேரமும் நன்றாகப் போகும். வெளியே வந்த பிறகு படம் நம் கூடவே வர வேண்டுமானால் அதற்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். வசனத்தை நண்பர்களிடம் சொல்லிப் பார்க்கலாம், அதற்கு ஒரு கூட்டம் வேண்டும். ஒளிப்பதிவை நாமே திரும்பச் செய்ய முடியாது. மெட்டை மட்டும்தான் தனியாக இருக்கும்போதும் வாயால் திரும்ப உண்டாக்கிக்கொள்ள முடியும். பாத்திரம் தேய்க்கும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் ஒரு வரியை முணுமுணுத்தால் படத்தின் அந்த இடம் மறுபடி ஓடிவிடுகிறது.

1944இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அதை இன்று முழுதாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' என்று மேடையில் ஆரம்பித்தால் முன்வரிசைப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்த ஆண்டு வந்த 'மீரா'வும் அப்படித்தான். கல்கி எழுதி, எஸ்.வி.வெங்கட்ராமன் இசையமைத்து, எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' படத்தைத் தாண்டித் தனியாக வாழ்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் படத்தையே தேடிப் பார்க்கிறார்கள். தியேட்டரை விட்டு எடுத்த பிறகும் ஒரு படத்துக்குப் புதிதாக ஆள் சேர்ப்பது இசைதான். அதனால் இசையைக் கடைசி நேரத்து மேல்பூச்சாக நினைக்கும் இயக்குநரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மனதில் நிற்கும் இசை என்றால் ஹிட்டான பாட்டுதானே?

இல்லை. வெளியான மாதத்தில் எல்லாப் போனிலும் கேட்பது ஹிட். அதில் பாதிக்கு மேல் அடுத்த பொங்கலுக்குள் காணாமல் போகும். நான் பார்ப்பது இரண்டே விஷயம். வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் வாயால் பாடினாலும் அது நிற்கிறதா? கேட்டவுடன் அந்தப் படத்தின் ஓர் ஆளோ ஓர் இடமோ கண்ணுக்குள் வருகிறதா?

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது நேயர் விருப்பச் சீட்டு. கச்சேரி நடுவில் பத்து ரூபாய் நோட்டோடு மடித்துச் சீட்டு அனுப்புவார்கள். அதில் படத்தின் பெயரோ இசையமைப்பாளர் பெயரோ இருப்பது குறைவு. 'அண்ணன் தங்கச்சி தாலாட்டுப் பாட்டு' என்று எழுதியிருந்தால் அது 'பாசமலர்' படத்தின் 'மலர்ந்தும் மலராத'. 'பாம்பே ரவுடி படத்துல சின்னப் பையனுக்கு வர்ற பாட்டு' என்றால் 'நாயகன்' படத்தின் 'தென்பாண்டிச் சீமையிலே'. ஜனங்கள் பாட்டைக் காட்சியோடு சேர்த்துத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். காட்சி எதையும் பிடித்துக்கொள்ளாமல் மிதக்கும் பாட்டுக்குச் சீட்டு வருவதில்லை. ஆட்டத்துக்குக் கேட்பார்கள், அது வேறு.

ஒரு மெட்டு ஒட்டிக்கொள்வதற்கு என்ன காரணம்? ஏதாவது சூத்திரம் உண்டா?

சூத்திரம் கிடையாது. இருந்திருந்தால் எல்லோரும் இளையராஜா ஆகியிருப்பார்கள். ஆனால் ஒட்டிய பாட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் சில குணங்கள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன.

முதலாவது, திரும்ப வருதல். பல்லவி பாடி, சரணத்துக்குப் போய், மறுபடி பல்லவிக்கே வந்து சேருகிற அமைப்பே நினைவுக்காகச் செய்தது போலிருக்கிறது. நான்கு நிமிடத்தில் ஒரே வரியை ஆறேழு முறை கேட்டுவிடுகிறோம், அலுப்புத் தட்டுவதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு முறையும் வேறு ஒரு சரணத்தைக் கடந்து வந்து கேட்கிறோம். பாட்டு மூன்று நான்கு நிமிடமாகச் சுருங்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பதிய முடியும். அந்த இடநெருக்கடி இசையமைப்பாளர்களைச் சுருக்கமாகப் பேச வைத்தது. எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

இரண்டாவது, சாதாரணத் தொண்டைக்கு எட்டும் தூரம். பெரிய வித்வான் மட்டுமே பாடக்கூடிய பாட்டை ரசிப்போம், வியப்போம், ஆனால் வீட்டில் பாட மாட்டோம். 'அன்னக்கிளி' 1976இல் வந்தபோது 'மச்சானைப் பாத்தீங்களா' ஊர் ஊராகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். வயலில் குனிந்தபடியே பாடலாம்.

அப்புறம், தெரிந்த வழியில் போய்க்கொண்டே ஒரே ஒரு இடத்தில் எதிர்பாராமல் திரும்புவது. முழுக்கத் தெரிந்த வழியென்றால் மனம் கவனிக்காது. முழுக்கப் புதிதென்றால் பிடித்துக்கொள்ள இடமில்லை. ரீதிகௌளை ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுரங்கள் நேராக ஏறுவதில்லை, வளைந்து வளைந்து போகும். 1977இல் 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' அந்த ராகம். 2008இல் 'சுப்ரமணியபுரம்' படத்தில் ஜேம்ஸ் வசந்தன் இசையமைத்த 'கண்கள் இரண்டால்' பாட்டும் அதே ராகம்தான். நடுவில் முப்பது ஆண்டு. ராகத்தின் பெயர் தெரியாத பையன்கள் அந்த வளைவை அப்படியே பிசகாமல் பாடுகிறார்கள். கர்நாடக இசை வகுப்பில் ஒரு வருடம் சொல்லிக் கொடுப்பதைச் சினிமாப் பாட்டு ஒரு வாரத்தில் தொண்டையில் இறக்கிவிட்டது.

இன்னொன்று, இடைவெளி. பாடகர் ஒரு வரி பாடி நிறுத்தும்போது நம் மனம் அடுத்த வரியைத் தானே பாடிப் பார்க்கிறது. அந்த ஒரு நொடியில்தான் பாட்டு நம்முடையதாகிறது. இன்று பல பாட்டுகளில் அந்த நொடியையும் ஏதாவது சத்தம் போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் சினிமா வந்த பிறகு வந்ததுதானே? நம் பக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. பழைய வட ஆற்காடு மாவட்டம் தெருக்கூத்தின் மண். செய்யாறு பக்கத்துப் புரிசை இன்றும் கூத்துக்குப் பெயர் பெற்ற ஊர். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி என்று ஊரே அதில்தான் இருக்கும்.

கூத்தில் ஒரு பாத்திரம் எப்படி வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் கேட்கும், சலங்கை கேட்கும், முகவீணை என்ற சிறு ஊதுகுழலும் மிருதங்கமும் ஏறும், முகம் தெரியாது. வருவது துரியோதனனா, அர்ச்சுனனா என்று அந்தப் பாட்டிலும் அடவிலும் ஊருக்குத் தெரிந்துவிடும். அப்புறம்தான் திரை விலகும். 1992இல் 'அண்ணாமலை' படத்தில் தேவாவின் இசையோடு 'சூப்பர் ஸ்டார்' என்ற எழுத்து ஒவ்வொன்றாக வந்தபோது கொட்டாயில் எழுந்த சத்தத்தின் வேர் இங்கே இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆளைக் காட்டுவதற்கு முன் ஆளின் இசையைக் காட்ட வேண்டும் என்பது கூத்து வாத்தியார்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது.

பின்பாட்டும் அப்படித்தான். வேஷக்காரர் ஒரு வரி பாடினால் பின்னால் இருப்பவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொள்ள அது உதவும். அதே நேரம், தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு அந்த வரி மனப்பாடமாகிவிடும். பொழுது விடியும்போது ஊர்ப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

நம் பக்கம் துக்கம் நடந்த வீட்டில் 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பது வழக்கம். இறந்தவருக்காக ஒரு ராத்திரி முழுக்கக் கர்ணனின் சாவைப் பாடுவார்கள். 1964இல் வந்த 'கர்ணன்' படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' வரும்போது இங்கே பலர் அழுவதற்கு அந்தப் பழக்கமும் காரணம். விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசை அந்த இடத்தில் கதை சொல்லவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு சாவைக் கூட இருந்து பாடுகிறது. 2012இல் படத்தைப் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்டபோதும் கூட்டம் வந்தது.

பாட்டே இல்லாத நல்ல படங்கள் இருக்கின்றனவே?

நிறைய இருக்கின்றன. 1954இல் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' பாட்டே இல்லாமல் வந்தது. அதை இயக்கிய எஸ்.பாலசந்தர் பெரிய வீணை வித்வான். இசையை அவ்வளவு அறிந்த ஒருவர் இந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்தார் என்பதை நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். 1988இல் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்திலும் பாட்டு கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்த இசையைத்தான் பின்னணியில் பயன்படுத்தினார். வசனமே இல்லாத 'பேசும் படம்' 1987இல் வந்தது. அதில் எல்.வைத்தியநாதனின் இசையும் சுற்றுப்புற ஓசைகளும்தான் பேசின.

பாட்டு இல்லை என்பதும் இசை பற்றி எடுக்கும் ஒரு முடிவுதான். யோசித்து எடுத்திருந்தால் படத்துக்கு அழகு. பாட்டுக்கு நல்ல இடம் கதையில் கிடைக்காததால் விட்டுவிட்டு, அதையே பெருமையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பின்னணி இசையை யாரும் கவனிப்பதில்லையே. அது எப்படி நினைவில் நிற்கும்?

கவனிக்காமலே பதிகிறது என்பதுதான் அதன் பலம். 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தில் ஜான் வில்லியம்ஸ் இரண்டே சுரங்களை மாற்றி மாற்றி வாசிக்க வைத்தார். சுறாவைக் காட்டாமலே அது நெருங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்தது. 1960இன் 'சைக்கோ' படத்தில் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் வெறும் வயலின் குடும்பத்து வாத்தியங்களை வைத்து எழுதிக் காட்டியதும் மனம் மாறினார். இன்று அந்தக் கீச்சொலி இல்லாமல் அந்தக் காட்சியை நினைக்கவே முடியாது.

நம் ஆட்கள் இதை ரீரெக்கார்டிங் என்பார்கள். படத்தொகுப்பு முடிந்த படத்தைப் பார்த்து, எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வதில்தான் பாதி வேலை. நிறுத்தும் இடம்தான் கஷ்டம். தேசிய விருதில் 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து பின்னணி இசைக்கென்று தொடர்ந்து தனி விருது தருகிறார்கள். அந்த ஆண்டுக்கு அதைப் பெற்றது 'பழசிராஜா'வுக்காக இளையராஜா. பின்னர் 'தாரை தப்பட்டை'க்காகவும் அவர் பெற்றார்.

'நாயகன்' படத்தை இன்னொரு முறை பாருங்கள். 'தென்பாண்டிச் சீமையிலே' இளையராஜா குரலிலும் வருகிறது, கமல்ஹாசன் குரலிலும் வருகிறது, வெறும் வாத்தியமாகவும் வருகிறது. அடிபட்டு ஓடிவரும் சிறுவனிடம் கேட்ட அதே மெட்டை, வயதாகித் தளர்ந்த மனிதனிடம் கேட்கும்போது நாமாகவே அந்தச் சிறுவனை நினைக்கிறோம். 'அவன் அன்று சிறுவனாக இருந்தான்' என்று யாரும் வசனம் பேச வேண்டியதில்லை.

பழைய பாட்டுதான் பாட்டு என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்ட பாட்டு யாருக்குமே ஆழமாகப் பதியும். அப்பாவுக்கு எம்.எஸ்.வி., அண்ணனுக்கு ராஜா, உங்களுக்கு ரஹ்மான், உங்கள் பிள்ளைக்கு அனிருத். இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

ஆனால் கேட்கும் முறையும் மாறியிருக்கிறது. இலங்கை வானொலி, விவித் பாரதி, வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் என்று வாசல்கள் குறைவாக இருந்த காலத்தில் ஊருக்கே ஒரே பாட்டுதான் கேட்கும். கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கினால் அந்தப் பன்னிரண்டு பாட்டும் நாடா தேயும்வரை ஓடும். இன்று பிடிக்காத பாட்டைப் பத்தாவது நொடியில் தள்ளிவிட முடிகிறது. நல்ல பாட்டுகூட இரண்டாவது முறை கேட்கப்படாமல் போகிறது. இசையமைப்பாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

அப்படியென்றால் புதுப் படங்களில் பழைய பாட்டை எடுத்துப் போடுகிறார்களே, அது சோம்பேறித்தனமா?

எங்கே போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2022இன் 'விக்ரம்' படத்தில் 1995இல் வந்த 'அசுரன்' படத்தின் 'சக்கு சக்கு வத்திக்குச்சு' சண்டைக்கு நடுவில் வந்தது. ஆதித்யன் இசையமைத்த அந்தப் பாட்டை இளைஞர்கள் தேடித் தேடிக் கேட்டார்கள். அது ஒரு குஷி, அவ்வளவுதான்.

2024இல் வந்த மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' செய்தது அதைவிடப் பெரியது. 1991இன் 'குணா' படமாக்கப்பட்ட கொடைக்கானல் குகைதான் அந்தக் கதையின் களம். 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டு அங்கே வரும்போது காதல் பாட்டு நட்பின் பாட்டாக மாறிவிடுகிறது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அதற்குக் கிடைத்த கைதட்டல் முப்பத்து மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்த கைதட்டல்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது '96' படம். நாயகியின் பெயர் ஜானகி. பள்ளியில் நன்றாகப் பாடுவாள். 'தளபதி' படத்தின் 'யமுனை ஆற்றிலே' பாட்டைக் கூடப் படிக்கும் ராம் கேட்கும்போதெல்லாம் பாடாமல் தட்டிக் கழிப்பாள். பல வருடம் கழித்து, மின்சாரம் போன இருட்டில், கேட்காமலே பாடுவாள். நமக்கெல்லாம் தெரிந்த பாட்டு என்பதால்தான் அந்தக் காத்திருப்பு நமக்கும் வலிக்கிறது. தெரியாத புதுப் பாட்டை அந்த இடத்தில் வைத்திருந்தால் காட்சி படுத்திருக்கும்.

வரி முக்கியமா, மெட்டு முக்கியமா?

முதலில் நிற்பது மெட்டு. நீண்ட நாள் நிற்க வரி வேண்டும். சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். இசையமைப்பாளர் தத்தகாரத்தில், அதாவது சொல் இல்லாமல் 'தன தான' என்று பாடிக் காட்ட, கவிஞர் அதற்குள் சொல்லை வைப்பார். இது ஏதோ சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்று சிலர் குறையாகப் பேசுவார்கள். நம் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாருங்கள். 'தத்தத்தன தத்தத் தனதன' என்ற சந்தத்தில்தான் 'முத்தைத்தரு பத்தித் திருநகை' உட்கார்ந்திருக்கிறது. பொருள் புரிவதற்கு முன்பே நாக்குக்குப் பிடித்துவிடும். 1964இல் 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் அதைப் பாடிய பிறகு, கோயிலுக்கே போகாதவர்கள்கூட அதை மூச்சுவிடாமல் சொல்லிப் பார்த்தார்கள்.

காட்பாடிக்கு வடக்கே வள்ளிமலையில் இருந்த சச்சிதானந்த சுவாமிகள் திருப்புகழைப் பாடிப் பாடியே பரப்பினார். ஆங்கிலப் புத்தாண்டையொட்டித் திருத்தணிப் படிகளில் படிக்கொரு பாட்டுப் பாடும் விழா அவர் தொடங்கியதுதான். பாட்டு எழுத வேண்டும் என்று வரும் பிள்ளைகளை நான் முதலில் திருப்புகழை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். புரியாவிட்டாலும் பரவாயில்லை, சந்தம் உடம்பில் ஏறட்டும்.

மொழி தெரியாத பாட்டு எப்படி மனதில் நிற்கிறது?

இதை வேலூரில் கேட்கத் தேவையே இல்லை. குடியாத்தம், காட்பாடி பக்கம் தெலுங்கு வீட்டு மொழி. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் உருது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்காளப் பலகைகள் தொங்குகின்றன. 1980இல் 'சங்கராபரணம்' தெலுங்கிலேயே தமிழ்நாட்டில் ஓடியது. கே.வி.மகாதேவன், எஸ்.பி.பாலசுப்ரமணியம், வாணி ஜெயராம் மூவருக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். சித்தூர் எல்லை தாண்டாதவர்களும் அந்தப் பாட்டுகளைப் பாடினார்கள்.

நாங்கள் குறும்படம் எடுக்கிறோம். காசு இல்லை. இசைக்கு என்ன செய்வது?

ஒரே ஒரு மெட்டை முடிவு செய்யுங்கள், அதையும் படப்பிடிப்புக்கு முன்பே செய்யுங்கள். நான்கைந்து சுரம் போதும். யாருடைய மெட்டு என்று தீர்மானித்துவிட்டு, அவர் சந்தோஷமாக இருக்கும்போது ஒரு வேகத்தில், உடைந்திருக்கும்போது பாதி வேகத்தில், ஒரே ஒரு வாத்தியத்தில் வாசியுங்கள். பதினைந்து நிமிடப் படத்தில் மூன்று முறை வந்தால் பார்த்தவர் முணுமுணுத்துக்கொண்டு போவார். ஏழு விதமான இசையை நிரப்பினால் ஒன்றும் நிற்காது.

பிரபலமான பாட்டை வைத்துப் படத்தொகுப்பு செய்துவிட்டு, 'இதே மாதிரி வேணும் அண்ணா' என்று வராதீர்கள். அந்தப் பாட்டின் தாளத்துக்குக் காட்சி வெட்டப்பட்டிருக்கும். அதற்குமேல் நான் எதைப் போட்டாலும் நகலாகத்தான் தெரியும்.

கம்ப்யூட்டரில் கிடைக்கும் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டைத் தேடுவதற்குப் பதிலாக ஊரில் தேடுங்கள். அம்மன் கோயிலில் பம்பை, உடுக்கை, சிலம்பு வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில் முகவீணைக்காரர் இருப்பார். கேட்டு, சம்மதம் வாங்கி, உரிய பணம் கொடுத்து, அமைதியான அறையில் நல்ல மைக்கில் பதியுங்கள். முகவீணையின் அந்தக் கூர்மையான குரலை எந்த மென்பொருளும் இதுவரை எனக்குச் சரியாகத் தரவில்லை.

வசனம் ஓடும் இடத்தில் வயலினையோ புல்லாங்குழலையோ முழுச் சத்தத்தில் விடாதீர்கள். பேச்சின் தெளிவு இருக்கும் இடத்திலேயே அவையும் உட்காரும், சொல் மூழ்கிவிடும். ஒலிக்கலவை முடிந்ததும் ஹெட்போனில் மட்டும் கேட்டுத் திருப்திப்படாமல் சாதாரணப் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலோர் அதில்தான் பார்க்கப் போகிறார்கள்.

பழைய சினிமாப் பாட்டை எங்கள் படத்தில் போடலாமா? முப்பது நொடி என்றால் பரவாயில்லையாமே?

முப்பது நொடி விதி என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. பாட்டில் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவரின் ஆயுளும் அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும். அதனால் பழைய ஒலிப்பதிவின் காலம் முடிந்திருந்தாலும் மெட்டின் உரிமை உயிரோடு இருக்கலாம். உரிமை வைத்திருக்கும் தயாரிப்பாளரிடமோ ஆடியோ நிறுவனத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் பாரதியார் பாட்டோ திருப்புகழோ எடுத்து நீங்களே புதிதாக மெட்டுப் போடுங்கள். வரிகள் எல்லோருக்கும் பொது. ஏற்கெனவே சினிமாவில் வந்த மெட்டு பொது கிடையாது, அதில் கவனமாக இருங்கள்.

தியேட்டரில் பாட்டு வந்ததும் எழுந்து வெளியே போகிறார்களே?

கதை நின்றுபோகும் பாட்டுக்குப் போகிறார்கள். பாட்டு முடிந்த பிறகு பாத்திரம் பாட்டுக்கு முன்பிருந்த இடத்திலேயே நின்றால் அந்த நான்கு நிமிடம் வெளியே போனவர் எதையும் இழக்கவில்லை. '96' படத்தின் அந்த இருட்டில் எழுந்து போனவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

சினிமா இசையைக் கவனித்துக் கேட்கப் பழக எங்கே தொடங்கலாம்?

தெரிந்த படத்திலிருந்து தொடங்குங்கள், அப்போதுதான் கதை இழுத்துக்கொண்டு போகாது. 'நாயகன்' சரியான படம். ஒரு தாளில், இசை எந்த இடத்தில் தொடங்கியது, எந்த இடத்தில் நின்றது என்று மட்டும் குறியுங்கள். அடுத்து அதே காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். 'கர்ணன்' படத்தையும் இப்படியே பாருங்கள். அதற்கு முன்போ பின்போ செய்யாறு, ஆரணி, போளூர் பக்கம் எந்த ஊரில் பாரதம் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு ராத்திரி கூத்துக்குப் போய்விட்டு வாருங்கள். பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிப்பார்கள். மதியமே தூங்கிவிட்டு, பாய் ஒன்று எடுத்துக்கொண்டு, பின்பாட்டுக்காரர்கள் நிற்கும் பக்கமாக இடம் பிடியுங்கள்.